தொண்டைப் புண்ணும் இருதய நோயும்

பள்ளிச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் காண்கின்றன. உப்பு நீரில் வாய் கொப்பளித்து, நான்கைந்து நாட்களில் தேறிவிடுகிறாள். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து முழங்கால் வீங்குகிறது. அது வடிந்ததும் கணுக்கால். மூட்டுவலி தானே அடங்குவதால் பெற்றோர் கவலை விடுகின்றனர். இருதய வால்வில் வடு விழுந்திருப்பது பெரும்பாலும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே, சில பெண்களுக்கு முதற் கர்ப்பத்தில் மூச்சுத் திணறும்போதுதான், தெரிய வருகிறது.

இதுவே கீல்வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையுள்ளோரையே இது பெரிதும் தாக்குகிறது. இதனைத் தூண்டுவது 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. ஆயினும் அக்கிருமி இருதயத்துட் புகுந்து வால்வை அரிப்பதில்லை. விந்தை இங்கேதான் உள்ளது. கிருமியின் மேற்பரப்பிலுள்ள 'எம்' புரதம், இருதயத் தசையின் மயோசின் புரதத்தை அமைப்பில் ஓரளவு ஒத்திருக்கிறது. கிருமியை எதிர்க்க உடல் திரட்டும் எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் இவ்வொப்புமையால் ஏமாந்து, தம் இருதயத்தையே பகையெனத் தாக்குகின்றன. தொண்டை ஆறிய பிறகு நோய் தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம்.

தொண்டைப் புண் கண்டவர்களில் மிகச் சிலருக்கே இவ்வாறு நேர்கிறது. பரம்பரை இயல்புக்கும் இதில் பங்குண்டு. நெரிசலான குடியிருப்புக்கோ பெரும் பங்குண்டு. மேலைநாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்பே இந்நோய் குறையத் தொடங்கியதை வீட்டு வசதித் திட்டங்களை வகுப்போர் கருத்திற்கொள்வது நலம்.

புண் தொடங்கிய 9 நாட்களுக்குள் பென்சிலின் அளித்தால் காய்ச்சலைத் தடுக்கலாம். ஒருமுறை காய்ச்சல் கண்டவருக்கு அது மீண்டும் வரக்கூடும். வருந்தோறும் வால்வு மேலும் சிதையும். ஆதலால் 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசி போடப்படுகிறது. இருதயம் கெடாதவருக்கும் 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றுள் எது நீண்டதோ அதுவரை, ஊசி தேவை. வால்வு கெட்டவருக்கு இது 40 வயது வரையிலும் நீளலாம். ஊசியோ வலி மிகுந்தது. ஓடியாடித் திரியும் பிள்ளைக்காக ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்லத் தாய் தயங்குவதில் வியப்பில்லை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990-இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பெருமைக்குரிய சாதனைதான். எனினும் இத்தகைய வால்வு பெற்றவர், இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. கண்டறியப்பட்ட பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறுவதோடு பணி முடிவதில்லை. 21-ஆம் நாள் ஊசிக்கு வராத பிள்ளையின் வீட்டிற்கு மறுநாளே சுகாதாரப் பணியாளர் ஒருவர் செல்ல வேண்டியிருக்கிறது.