தொழிற்பாதுகாப்பில் பெயர் எடுப்பது



தொழிற்பாதுகாப்புத் துறைக்கு வரும் தங்கைமார், "எப்படிப் பெயர் எடுப்பது?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். முகநூல் பதிவு மட்டும் போதாது.

அமெரிக்க வைத்தியர் அலிஸ் ஹமில்டன் 1910இல் இல்லினோய் மாநிலத்தில் ஈய நச்சை ஆராய்ந்தார். தொழிற்சாலையோடு நிற்காமல் தொழிலாளரின் வீடுகளுக்கும் போய் விசாரித்தார். 1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதற்பெண் உதவிப் பேராசிரியரானார். வேலை முன்னே போனது, பெயர் பின்னே வந்தது.

எங்கள் பன்வில மலைகளுக்கும் அதுவே வழி. குளவி கொட்டி மூச்சுத் திணறுபவருக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அது தாமதித்தால் உயிரே போகலாம். ஆகவே ஆட்கள் மலையேறுமுன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ட இடத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். வாகனத்தை ஆயத்தமாக வையுங்கள். நடந்ததை அன்றே எழுதி வையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கேட்கும்போது அந்த எழுத்துத்தான் கைகொடுக்கும்.

"அந்தம்மா பார்த்துட்டாங்க, பயமில்ல" என்று கொழுந்து பறிக்கும் அக்காமார் சொல்ல வேண்டும். நாம் எடுக்க வேண்டிய பெயர் அதுதான்.