உட்செவியில் ஒரு துளை



காதில் சீழ் வடிவதை நம்மவரில் பலர் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. பஞ்சால் துடைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுகிறார்கள். அத்தகையோருள் சிலருக்கு ஒருநாள் புதிய தொல்லையொன்று தோன்றுகிறது. காதை விரலால் அழுத்தினாலோ, மூக்கைப் பலமாகச் சிந்தினாலோ, உலகமே சுழல்கிறது. இதனைப் பித்தமென்று சொல்லி ஒதுக்கிவிடலாகாது. உட்செவியின் எலும்புச் சுவரில் துளை விழுந்திருப்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

நடுச்செவிக்குள் தோல் புகுந்து வளர்ந்து, உதிர்ந்த செதில்கள் ஒரு பைபோலத் திரள்வதைக் கொலஸ்டியடோமா என்கிறோம். அது புற்றுநோயன்று, ஆயினும் கறையானைப்போல எலும்பை அரிப்பது. பக்கவாட்டு அரைவட்டக் குழல் நடுச்செவியை ஒட்டித் துருத்தி நிற்பதால், பெரும்பாலும் அதுவே இந்த அரிப்புக்கு இலக்காகிறது. அக்குழல் உடலின் நிலையை உணர்த்துவது. கேட்கும் தொழில் நத்தை வடிவான காக்ளியாவுக்கு உரியது. ஆனால் இரண்டும் ஒரே நீரால் இணைந்தவை. துளைவழியே நோய்நஞ்சு புகுந்துவிட்டால் செவிப்புலனே அழிந்துபோகலாம்.

இங்கே வியப்பான ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1938ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஜூலியஸ் லெம்பர்ட், அங்கவடி எலும்பு இறுகிச் செவிடானவர்களுக்கு, இதே குழலில் தாமே துளையிட்டுக் கேட்கும் திறனை மீட்டார். துளை விழுந்த மாத்திரத்தில் செவி செத்துவிடாது என்பது அதனால் விளங்கும். எலும்பினுள்ளே இருக்கும் மென்சவ்வுக் குழல் கிழியாதிருப்பதே முக்கியம்.

அறுவையின்போது எழும் பெரிய கேள்வி, துளையின்மேல் படிந்துள்ள நோய்த்தோலை உரித்தெடுப்பதா, மூடியாக விட்டுவிடுவதா என்பதே. உரித்தால் நோய் அகலும்; சவ்வு கிழியும் அபாயமும் உண்டு. விட்டுவைத்தால் செவி பிழைக்கும். ஆனால் அவ்விடத்தை வெளிக்காதோடு சேர்த்துத் திறந்துவிட்டு, காலமெல்லாம் மருத்துவரிடம் வந்து துப்புரவு செய்துகொள்ள வேண்டும். சிறு துளையானால் உரித்தெடுப்பதே நலமென்பது என் கருத்து. அதனை அறுவையின் இறுதியில், நுண்பெருக்கியின் கீழ், உப்புநீரைச் சொரிந்துகொண்டே, உறிஞ்சுகுழலை அருகில் கொண்டுசெல்லாமல் செய்து, உடனே தசையுறையால் மூடவேண்டும். 1921இல் ஸ்வீடனின் நைலேன் செவி அறுவைக்கு முதன்முதலாக நுண்பெருக்கியைக் கொணராதிருந்தால் இத்தகைய நுட்பமெல்லாம் ஏது? பெருந்துளையாயினும், துளை காக்ளியாவின்மேல் அமைந்திருப்பினும், தோலைத் தொடாமல் விடவே விரும்புவேன்.

“அறுவைக்குப் பின் காது கேட்குமா?” என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அறுவைக்கு முன் உட்செவியில் எஞ்சியிருந்த திறன், பெரும்பாலோர்க்கு அப்படியே நிற்கிறது. ஒருசிலர் அதனை முற்றிலும் இழக்கின்றனர். நோயால் முன்னமே போய்விட்ட உட்செவித் திறன் மீள்வது அரிது. இதனை மறைத்துச் சொல்வது முறையன்று. ஆனால் பட்டடை எலும்பு முதலிய சிற்றெலும்புகள் அரிக்கப்பட்டதால் வந்த குறை வேறு. நோய் ஒழிந்தபின் அவ்வெலும்புச் சங்கிலியைச் செப்பனிடலாம், இன்றேல் கேட்புக் கருவி பொருத்தலாம்.

மற்றொரு காது முன்பே செவிடாகி, நோயுற்ற இக்காது ஒன்றையே நம்பி வாழ்வோரும் வருகிறார்கள். அவர்கள் விஷயத்தில் துளை எவ்வளவு சிறியதாயினும் அதன்மேலுள்ள தோலில் நான் கைவைப்பதில்லை. ஆண்டுதோறும் அவர்கள் வந்து காதைக் காட்டிச் செல்கிறார்கள்.