டிக்கிக்குள் ஒரு பலகைத் தட்டு



ஒருவருடைய காரின் டிக்கியைத் திறந்தால் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மருந்து கம்பெனி ரெப் என்றால் சாம்பிள் பெட்டிகள், எலெக்ட்ரீஷியன் என்றால் ஒயர் சுருளும் டிரில் மெஷினும், கல்யாணப் போட்டோகிராபர் என்றால் லைட் ஸ்டாண்டும் குடையும். இவர்களில் பலர் டிக்கிக்குள் சொந்தமாக ஒரு பலகைத் தட்டு செய்து போட்டுக்கொள்கிறார்கள். சிலர் ஆசாரியை வைத்து, சிலர் ஞாயிற்றுக்கிழமையில் தாங்களே. இந்தச் சின்னக் கைவேலையில் எது தேறும், எது தேறாது என்பதுதான் இன்றைய பேச்சு.

வீட்டு அலமாரியைப் பார்க்கிற கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. அலமாரி வைத்த இடத்தில் இருக்கும். டிக்கித் தட்டு ஓடும், குலுங்கும், சட்டென்று நிற்கும். அதனால் நான் மூன்று கேள்விகள்தான் கேட்பேன். பிரேக் அடித்தால் என்ன ஆகும்? பஞ்சர் ஆனால் என்ன ஆகும்? வெயிலும் ஈரமும் என்ன செய்யும்?

முதலில் பிரேக். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்த நொடியில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 5 கிலோ டூல்ஸ் பெட்டி 100 கிலோவாக வந்து இடிக்கும். ஹாட்ச்பேக் வண்டியில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் நடுவே இருக்கும் சுவர் பின் சீட்டின் முதுகு ஒன்றுதான். அங்கே பெரும்பாலும் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கனமானவை தரையோடு, சீட்டு முதுகை ஒட்டி இருக்க வேண்டும். மேல் தட்டில் துணி, கேபிள் போன்ற லேசான சாமான். சீட்டின் உயரத்தைத் தாண்டி எதுவும் நிற்கக் கூடாது. அது கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியையும் மறைக்கும். தட்டின் ஓரத்தில் இரண்டு அங்குல விளிம்புக் கட்டை வேண்டும். தட்டையும் சாமானையும் சேர்த்து, டிக்கித் தரையில் கம்பெனியே கொடுத்திருக்கும் கொக்கிகளில் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். எத்தனை அழகாக இழைத்திருந்தாலும், கட்டாத தட்டு என் கணக்கில் தோல்விதான்.

அடுத்தது பஞ்சர். நிறைய கார்களில் ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. அதன் மேல் அசையாத பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, நடுராத்திரி நெடுஞ்சாலையில் அத்தனையையும் இறக்கி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணப் போட்டோகிராபரின் தட்டு பாடம் மாதிரி. 12 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டு பாதி. நடுவில் ஒரு நிற்கும் பலகை, அதன் மேல் இரண்டு பாதியும் வந்து உட்காரும். கீல்களின் ஊசியை உருவினால் பாதி பாதியாகக் கையில் வந்துவிடும். விளக்கு, கேமரா பைகள் தங்கள் அறையில் இருந்தபடியே தட்டோடு சேர்ந்து வெளியே வருகின்றன. முகூர்த்தத்துக்கு ஓடுகிற அவசரத்திலும் சில நிமிடத்தில் ஸ்டெப்னி கைக்கு எட்டும்.

அந்த நடுப்பலகைக்கு இன்னொரு பலனும் உண்டு. தாங்கல்களுக்கு நடுவே உள்ள தூரம் இரட்டித்தால் அதே எடைக்குப் பலகை எட்டு மடங்கு தொய்யும். இது பலர் கவனிக்காத கணக்கு. தொய்கிறதே என்று 18 மில்லிமீட்டர் பலகைக்குப் போனால் விறைப்பு மும்மடங்குக்கு மேல் கூடும். கூடவே எடையும் ஒன்றரை மடங்காகும். நடுவில் ஒரு தாங்கல், முன் விளிம்புக்கு அடியில் ஒரு ரீப்பர் கட்டை என்று வைத்தால் 12 மில்லியே போதும். வண்டியில் நாம் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் பெட்ரோல் குடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அளவெடுப்பது இந்த வேலையின் நுட்பமான இடம். சக்கரத்தின் மேல் எழும்பும் வளைவை டேப்பால் பிடிக்க முடியாது. அட்டையைக் கத்தரித்து, குறைகிற இடத்தில் துண்டு ஒட்டி, மிஞ்சுகிற இடத்தில் வெட்டி, அந்த அட்டை சரியாக அமர்ந்த பிறகே பலகையில் ரம்பம் வைக்க வேண்டும். அப்போதும் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு, இடையில் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். மேடுபள்ளத்தில் காரின் உடம்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பலகையை இறுக்கிச் செருகினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கிரீச்சென்று கத்தும். மூட்டுகளுக்கு ஆணி வேண்டாம், குலுக்கலில் கழன்றுவிடும். காடி எடுத்து, பெவிகால் வைத்து, ஸ்க்ரூ முடுக்குவதே நிற்கும். டிக்கித் தரையில் மட்டும் துளை போடாதீர்கள். அடியில் ஒயரும் பெட்ரோல் குழாயும் போகலாம். துளை வழியே தண்ணீர் ஏறித் துருவும் பிடிக்கும். பின் சீட்டையே பிடுங்கிவிட்டுத் தட்டு அடிக்கிறவர்களும் உண்டு. அப்போது வண்டி ஆர்.சி.யில் உள்ள சீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகாது, அது சட்ட வம்பு.

மூன்றாவது, வெயிலும் ஈரமும். சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் கார் அடுப்பாகிவிடும். மழைக்காலத்தில் நனைந்த குடையும் டிக்கிக்குத்தான் போகும். விலை மலிவு என்று பார்ட்டிகிள் போர்டு வாங்கினால் ஈரம் பட்டு உப்பி, ஸ்க்ரூ பிடிக்காமல் பொடியும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 முத்திரையின் பி.டபிள்யூ.ஆர். ரகம் தாராளமாகப் போதும். ஐ.எஸ். 710 என்கிற மரைன் பிளை இன்னும் உறுதி, விலையும் அப்படியே. எதுவானாலும் வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும், ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான்.

சி.என்.ஜி. வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிட்டதால்தான் அவர்கள் மேலே தட்டு போடுகிறார்கள். 2023ல் டாடா அல்ட்ராஸில் பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைத்ததே இந்த இடத் தட்டுப்பாட்டுக்குத்தான். உங்களிடம் இருப்பது பழைய அமைப்பு என்றால், தட்டின் பாரம் சிலிண்டர் மேல் இறங்கக் கூடாது. வால்வு எப்போதும் கைக்கு எட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்குக் கழற்ற வேண்டும் என்பதால் தட்டும் சுலபமாகக் கழல வேண்டும்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. வாரத்துக்கு ஒருமுறை காய்கறி வாங்குகிற குடும்பத்துக்கு மடிக்கிற பிளாஸ்டிக் கூடையே போதும். தினமும் அதே சாமானை ஏற்றி இறக்குகிறவருக்குத்தான் தட்டு உழைக்கும். தேடுகிற நேரம் மிச்சம், உடைகிற பொருளும் மிச்சம். அப்படி ஒருவர் தன் தட்டைப் பெருமையாகத் திறந்து காட்டினால், எத்தனை அடுக்கு என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டெப்னியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.