மூளைக்கு இரத்தம் குறைந்தால் வரும் மறதி
(டிரஸ்ட் கூடத்தில் மருந்து உதவி வழங்கும் நாளில் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியவர்களே, தாய்மார்களே! நான் டாக்டர் அல்ல. உங்கள் மனுக்களைப் படிக்கிறவன். "அத்தாவுக்கு வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, உதவி செய்யவும்" என்று மாதம் தவறாமல் மனு வருகிறது. எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று அதில் ஒரு வரி இருக்காது. டாக்டருக்கு வேண்டியதே அந்த ஒரு வரிதான்.

என் அத்தா புளி மண்டியில் கணக்கு எழுதியவர். அவருக்குப் பல வருடமாக பி.பி. இருந்தது. மாத்திரையை ஒருநாள் போடுவார், இரண்டு நாள் விடுவார். எழுபது வயதுக்கு மேல் நடை மாறியது. காலைத் தேய்த்துத் தேய்த்துச் சிறு அடியாக வைப்பார். சிறுநீரை அடக்க முடியவில்லை. கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். கூட்டல் கணக்கைத் தொடங்கிவிட்டு நடுவில் நின்றுவிடுவார். ஆனால் ஆளை மறக்கவில்லை. "காலையில் என்ன சாப்பிட்டீங்க அத்தா?" என்றால் விழிப்பார், "இட்லியா?" என்று எடுத்துக் கொடுத்தால், "ஆமா, இட்லி, தேங்காய்ச் சட்னி" என்பார். ஒரு டாக்டர் "முதுமை" என்று எழுதி அனுப்பிவிட்டார். உறவில் சிலர் செய்வினை என்றார்கள். அதற்கு ஓதிப் பார்க்கவும் போனோம், மறைக்கவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது. பிறகு பெங்களூரில் ஸ்கேன் எடுத்தபோதுதான் மூளையின் ஆழத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைத்துப்போயிருப்பது தெரிந்தது. வாதம் என்று ஒருநாளும் விழாதவர் அவர்!

இது ஒரு வகை: சிறு குழாய் நோயால் வருவது. 1894-லேயே ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவர் இதுபோன்ற நோயை விவரித்திருக்கிறார். சத்தமில்லாமல், மெதுவாக வரும். அதனால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறோம்.

இரண்டாவது, பக்கவாதத்துக்குப் பின் வருவது. வாதம் வந்து ஆறு மாதத்துக்குள் நினைவோ யோசனையோ குறைந்து, பழையபடி திரும்பாமல் நின்றுவிட்டால் இதில் சேர்ப்பார்கள். கை கால் தேறியதா என்று பார்க்கிறோம்; சில்லறை எண்ணத் தெரிகிறதா என்று யார் பார்க்கிறோம்? வாதம் வந்த எல்லோருக்கும் இது வருவதில்லை, பயப்பட வேண்டாம். சிலருக்குச் சிறிய அடைப்புதான். ஆனால் தலாமஸ் போன்ற முக்கியமான இடத்தில் விழுந்தால் ஒரே நாளில் ஆள் மாறிவிடுவார்.

மூன்றாவது, பல அடைப்புகள் சேர்ந்து வருவது. 1974-இல் ஹச்சின்ஸ்கி என்பவரும் உடனிருந்தோரும் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். இது படிக்கட்டு இறங்குவது போல. ஒருநாள் திடீரென்று குறையும், சில மாதம் அப்படியே நிற்கும், மறுபடி ஒரு படி இறங்கும். ஒவ்வொரு படிக்கும் தேதி சொல்லலாம்.

நான்காவது கலப்பு. அல்சைமர் நோயும் இரத்தக் குழாய் நோயும் ஒரே தலையில் இருப்பது. வயதானவர்களிடம் இது அபூர்வமல்ல. 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலும் முற்றிய நிலையை இந்த நான்காகவே பிரிக்கிறது. இரத்தக் கசிவால் வருவது, வம்ச வழியில் வருவது என்றும் உண்டு; அதை டாக்டர்களிடம் விட்டுவிடுவோம்.

பெயர் தெரிந்து என்ன லாபம் என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் கேட்கிறார். லாபம் உண்டு, அண்ணே. போன நினைவைத் திருப்பித் தரும் மாத்திரை கிடையாது. ஆனால் அடுத்த அடைப்பைத் தள்ளிப்போட வழி இருக்கிறது: பி.பி., சர்க்கரை, கொழுப்பு, பீடி. 2021 ஆகஸ்ட் 5-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பி.பி., சர்க்கரை பார்த்து வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். அந்தப் பெண் வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். ரமளானில் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை தொங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இன்னொன்று, கசப்பானது. புத்தி தடுமாறும் தகப்பனிடம் ரேகை வாங்கிச் சொத்தை எழுதிக்கொண்டு, பிறகு அவருக்கே உதவி கேட்டு இங்கே மனு போட்டவர்கள் உண்டு. பெயர் சொல்லவில்லை.

இந்த மாதம் முதல் மனுவில் மூன்று கேள்விகள் சேர்த்திருக்கிறோம்: திடீரென்று வந்ததா, மெதுவாகவா? நடை மாறியதா? கடைசியாக பி.பி. பார்த்தது எப்போது? எழுதத் தெரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். நானே எழுதித் தருகிறேன்.