கால்பந்துத் தேர்வும் கடிகாரமும்



கால்பந்தாட்டத்திற்கு இளைஞரைத் தெரிந்தெடுக்கும் இடங்கள் பலவற்றில் உடற்றகுதிச் சோதனைக்கு முதலிடம் தரப்படுகிறது. 30 மீட்டர் விரைவோட்டம், நின்ற இடத்திலிருந்து எழும்பித் தாவுதல், ஒலிக்குறிப்புக்கு ஏற்ப 20 மீட்டர் இடைவெளியில் போய்த் திரும்பும் ஓட்டம் ஆகியவை அதில் அடங்கும். டென்மார்க் நாட்டு அறிஞர் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோ சோதனையில், 40 மீட்டர் ஓடியபின் 10 வினாடி இளைப்பாறி மீண்டும் ஓட வேண்டும். விட்டுவிட்டு ஓடும் ஆட்டமாகிய கால்பந்துக்கு இது பொருத்தமானதே.

ஓடுபவன் யார் மகன் என்பது கடிகாரத்திற்குத் தெரியாது. அந்த வகையில் இச்சோதனைகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவன் உடல் எந்த அளவு முதிர்ந்தது என்பதும் அதற்குத் தெரியாதே!

ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் 14 வயதை ஒட்டி வேகமாக உயர்கிறார்கள். சிலருக்கு அது 12லேயே வரும். சிலருக்கு 16 வரை தள்ளிப்போகும். முந்தி வளர்ந்தவன் முந்தி ஓடுகிறான். அதனைத் திறமை என்று எழுதிவிடுகிறோம்.

பெல்ஜியம் நாட்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். வயதுப் பிரிவுகளுக்கான ஆண்டு அங்கே ஆகஸ்ட் முதல் நாள் தொடங்கிவந்தது. அப்போது ஆகஸ்டு, செப்டம்பரில் பிறந்த சிறுவர்களே மிகுதியாகத் தேறினார்கள். 1997இல் தொடக்க நாளை ஜனவரிக்கு மாற்றினார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் முன்னே வந்துவிட்டார்கள். திறமை மாதம் பார்த்தா பிறக்கிறது?

உருவம் சிறியது என்று 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகத்தாரால் கழிக்கப்பட்ட ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றபோது அந்த அணியின் முன்னணி வீரராக நின்றார். அதே இங்கிலாந்தில் 2015 முதல், வயதுக்கு மாறாக உடல் முதிர்ச்சியைக் கொண்டு சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். பருத்த உடலை நம்பியவனும் அங்கே பந்தைக் கையாளக் கற்றாக வேண்டியதாயிற்று.

ஆகவே நம் பிள்ளைகளைச் சோதிக்கும் அன்பர்கள், ஓடிய நேரத்திற்குப் பக்கத்திலேயே பிறந்த தேதி, உயரம், எடை, முக்காலியில் அமர்த்தி அளந்த உயரம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். வளர்ச்சி எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை இவற்றைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். செலவு ஓர் அளவு நாடாவும் ஓர் எடைக்கருவியும் ஒரு முக்காலியுந்தான். ஆறு திங்கள் கழித்து, தேறாதவர்களையும் அழைத்து, மறுபடியும் ஓடவிட்டுப் பாருங்கள்.