வாயில் மூடும் நாளுக்கு முன்னரே
(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கொள்ளைநோய்க் காலத்திலே எமது பல்கலைக்கழகங்கள் நடந்த விதத்தையும், மற்றுமொரு முறை அத்தகைய காலம் வந்தால் அவை நடக்கவேண்டிய விதத்தையும் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். நோய்தான் போய்விட்டதே, இப்பொழுது இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். 2025 நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் இலங்கையை வெள்ளக்காடாக்கியபொழுது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கல்விக்கூடங்களைப் பூட்டுவதற்கு நோய் ஒன்றுதான் வரவேண்டும் என்பதில்லை. 1987 தொடக்கம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் கிளர்ச்சியின் காரணமாக மூடிக்கிடந்தன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து நடந்தபொழுது திருநெல்வேலி வளாகமும் வெறிச்சோடிப்போயிற்று. 2020 இல் நோய் வந்தது. 2022 இல் எண்ணெய் இல்லாமற்போயிற்று. மழை பிழைக்கும் ஆண்டு எதுவென்று எந்தக் கமக்காரனுக்கும் தெரியாது. ஆனால் அது வரும் என்பது தெரியும். ஆதலாற்றான் விதைநெல்லை எடுத்து வைத்த பின்னரே அவன் உலைநெல்லை அளக்கிறான். எமது பல்கலைக்கழகங்கள் அவ்விதம் எதையேனும் எடுத்து வைத்திருக்கின்றனவா என்பதே இன்று நாம் கேட்க வந்த கேள்வி.

2020 மார்ச் மாத நடுப்பகுதியிலே பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அந்த மாதம் 20 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணம் அபாயம் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றெனக் குறிக்கப்பட்டபடியால் இங்கு அடைப்பு மேலும் இறுகிற்று. விடுதியை விட்டுச் சென்ற பிள்ளைகள் இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையிலே நூல்களையும் குறிப்பேடுகளையும் அறைகளிலேயே வைத்துப் போயினர். மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் மட்டுமன்றி, நுவரெலியாத் தோட்டங்களுக்கும் தென்பகுதிச் சிங்களக் கிராமங்களுக்கும் அவர்கள் போயினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எம்மவர் மட்டுமே படிக்கின்றனர் என்று இன்னமும் எண்ணுவோர் விஞ்ஞான பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நன்று.

அக்காலத்திலே பல்கலைக்கழகம் செய்த நன்மைகளை மறைத்துப் பேசுவது நீதியாகாது. மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடம் 2020 ஏப்ரிலிலேயே நோய்ப் பரிசோதனையை ஏற்றுச் செய்தது; அதனால் வடபகுதி மக்கள் கொழும்பின் முடிவுக்காகக் காத்துக்கிடக்க வேண்டிய நிலை குறைந்தது. விரிவுரையாளர் பலர், ஒருநாளேனும் பழகியிராத கருவிகளைச் சில கிழமைகளிற் பழகிக்கொண்டு வீட்டிலிருந்தே கற்பித்தனர். இவை எல்லாவற்றினும் பயன்மிக்கதென்று நாம் கருதுவது வேறொன்று. பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்கும் ‘லேர்ண்’ வலையமைப்பின் வழியாக, பல்கலைக்கழகக் கற்றற் பக்கங்களைக் கட்டணமின்றித் திறக்கத் தொலைத்தொடர்புக் கம்பனிகள் இணங்கின. சூம் வகுப்பும் அவ்வழியே இலவசமாய் நடந்தது. எத்தனையோ குடும்பங்களிலே ‘ரீலோட்’ போடப் பணமில்லை என்ற காரணத்தாற் படிப்பு நின்றுபோகாமற் காத்தது அந்த ஓர் உடன்பாடுதான். ஆனால் அது அவசரத்திற் பிறந்த சலுகை. உரிமையாக எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. 1945 முதல் இந்நாட்டிலே கல்வி இலவசம் என்று சொல்லிக்கொள்ளுகிறோம். முன்வாசலிற் கட்டணம் வாங்காமல், தொலைபேசிக் கம்பனியின் பின்வாசலால் அதை வாங்குவதாயிருந்தால் அக்கல்வியை இலவசம் என்று எவ்வாறு அழைப்பது?

கட்டணம் ஒருபுறமிருக்க, கருவி எங்கே? 2019 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றிலேதான் கணனி இருந்தது. தோட்டப்புறத்திலே அதனினும் மிகக் குறைவு. மலைநாட்டில் போகித்தியாவ என்னும் சிற்றூரிலே ஆசிரியையும் பிள்ளைகளும் அலைவரிசை கிடைக்கும் பாறையைத் தேடிக் காட்டுவழியே ஏறிய செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பல்கலைக்கழகப் பிள்ளையின் நிலையும் பல இடங்களில் அதுவே. படம் எடுக்க ஆளில்லாததாற் பத்திரிகையில் வரவில்லை. கமக்காரன் வீட்டிலே கைத்தொலைபேசி ஒன்று, பிள்ளைகள் மூவர். மூத்தவளுக்குப் பல்கலைக்கழக விரிவுரை காலை எட்டு மணிக்கு. இளையவனுக்குப் பள்ளிக்கூட வகுப்பும் எட்டு மணிக்கு. தந்தைக்கோ வெங்காயத்துக்கு விலை கேட்கவும் லொறி பிடிக்கவும் அதே தொலைபேசிதான். உள்ளங்கை அகலத் திரையிலே பொறியியல் வரைபடத்தைப் பார்த்து அளவு பிடித்த பிள்ளைகளும் உண்டு. இவர்களும், தனியறையும் மடிக்கணனியும் உடைய பிள்ளைகளும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினர். புள்ளி போட்டவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

அதன்மேல் வந்தவற்றை நீங்கள் எம்மினும் நன்கறிவீர்கள். 2020 இல் ஊரடங்கினால் விளைச்சல் தோட்டத்திலே கிடந்து அழுகிற்று. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே ஆணையால் நிறுத்தி, நவம்பரில் அந்த ஆணையைத் தானே தளர்த்தியது. இடையிலே போன போகம் திரும்பவில்லை. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயம் இரண்டு மாதங்களில் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்தது. மடிக்கணனி வாங்குவோமென்று சீட்டுப் பிடித்த குடும்பங்கள் சீட்டுப் பணத்தால் அதன் பாதியைக்கூட வாங்க முடியாமல் நின்றன. அந்த மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. இத்தனைக்கும் நடுவிலே மகாபொலப் பணம் மாதம் 5,000 ரூபாவாகவே இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்திலேதான் அது 7,500 ஆயிற்று. உயர்த்தியதை வரவேற்கிறோம், ஆனால் பட்டினி கிடந்த ஆண்டுகளிலே படித்தவர்கள் அதற்குள் படிப்பை முடித்தோ முடியாமலோ போய்விட்டனர்.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். எமது கருத்தில் இதுவே மிகப் பெரிய இழப்பு. அதிகம் பேசப்படாத இழப்பும் இதுவே. 2020 ஓகஸ்டில் நடக்கவேண்டிய உயர்தரப் பரீட்சை ஒக்ரோபரில் நடந்தது. 2021 இற்குரியது 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022 இற்குரியது 2023 சனவரியிலும், 2023 இற்குரியது 2024 சனவரியிலும் நடந்தன. 2024 இற்குரிய பரீட்சை நவம்பருக்கு வந்து சேர்ந்தது. நோய் தணிந்து ஆண்டுகள் சென்ற பின்னரும் 2025 வரை பழைய ஓகஸ்ட் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கடிதம் வந்து, வகுப்புத் தொடங்கும் வரைக்கும் பிள்ளை வீட்டிலே காத்திருக்கிறாள். உள்ளே சென்ற பின்னரும் முன் வகுப்பு முடியாததாற் பின் வகுப்பு தேங்குகிறது. நான்காண்டுப் பட்டம் ஐந்தையும் ஆறையும் தொடுகிறது.

பணமுள்ளவன் இவ்வளவும் காத்திருப்பதில்லை. அவன் பிள்ளை வெளிநாட்டுக்கோ தனியார் பட்டக் கல்லூரிக்கோ போய்விடுகிறது. ஆகவே இந்தத் தாமதம் எல்லாருக்கும் பொதுவான துன்பம் என்று சொல்லுவது மெய்யன்று. அது ஏழைக்கு மட்டும் விதிக்கப்பட்ட வரி. பெண்பிள்ளையாயின் இன்னும் கொடிது. இருபத்தாறு வயதாகியும் பட்டம் முடியவில்லையே என்று உறவினர் பேசத் தொடங்கும் பொழுது, எத்தனை பெண்கள் இறுதியாண்டை விட்டுத் திருமணத்துக்குச் சம்மதிக்கின்றனர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. 1970 களிலே தரப்படுத்தல் எம் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியது; அதற்கெதிராக நாம் குரல் எழுப்பினோம். இன்று வாசலைத் தாண்டிய பிள்ளையை நாட்காட்டி நிறுத்துகிறது. இதற்குக் குரல் எழுப்பியோரைக் காணோம்.

பல்கலைக்கழகம் மூடப்படும் நாளில் முதலாவதாகக் காக்கப்படவேண்டியது மாணவனுடைய காலம். அதிலும் முதன்மையாக, வசதியற்ற மாணவனுடைய காலம். திட்டமிடுவோர் இதை மனத்திற்கொண்டால் வேலை தானாகவே இரண்டாகப் பிரியும். தூரத்திலிருந்து கற்கக்கூடியது ஒன்று. வளாகத்துக்கு வந்தாலன்றிக் கற்க முடியாதது மற்றொன்று.

தூரத்திலிருந்து கற்பது எமக்குப் புதிதன்று. எம் பாட்டன்மார் காலத்திலே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தபாலில் வந்த பாடக்குறிப்புகளை விளக்கு வெளிச்சத்திற் படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலே நிரம்பியிருந்தனர். 1980 முதல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடங்களைக் கொண்டே கற்பித்து வருகிறது. அதன் நிலையம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அச்சிட்ட பாடத்துக்கு மின்சாரமும் வேண்டியதில்லை, அலைவரிசையும் வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையும் தன் பாடங்களை அச்சுப் பொதிகளாக இப்பொழுதே ஆக்கி வைத்தாற் கதவு மூடும் நாளில் தபாற்கந்தோரே பல்கலைக்கழகமாகும். விரிவுரையைக் குறித்த நேரத்தில் நேரலையாக நடத்துவதிலும் ஒலிப்பதிவாக அனுப்புவதே மேல் என்பது எமது கருத்து. நள்ளிரவில் அலைவரிசை நன்றாயிருக்கும் வேளையில் அதனை இறக்கிக்கொண்டு, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய பின் பிள்ளை கேட்கும்.

வளாகத்தில் மட்டுமே கற்கக்கூடியது வேறு. நோயாளியைத் தொட்டுப் பாராமல் வைத்தியனாக முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே விவசாய பீடத்து இறுதியாண்டு மாணவன் காலபோக நெல்லில் ஆய்வு செய்யவேண்டுமாயின் மழையோடு விதைத்து மாசியில் அறுக்கவேண்டும். அந்த வயலைச் சித்திரையில் நடத்திக் காட்டு என்றால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஆதலால் கதவு திறந்திருக்கும் குறுகிய நாட்களை இவற்றுக்கே ஒதுக்கவேண்டும். அந்நாட்களிலே பிள்ளைகளை அழைத்து மண்டபத்தில் இருத்தி, வீட்டிலேயே வாசித்திருக்கக்கூடிய குறிப்பை எழுதுவிப்பது வீண். 2020 யூன் முதல் இறுதியாண்டினரை முன்னதாக அழைத்தது சரியான முறையே. எதற்காக அழைக்கிறோம் என்ற ஒழுங்கும் அதனோடு சேரவேண்டும்.

அடுத்தது மாணவர் உதவி. குழுக்கள் பெயரளவில் ஏராளம். நாம் கேட்பது எளிய ஏற்பாடு. இருபது மாணவருக்கு ஒரு விரிவுரையாளர். அவர் கையிலே இருபது பெயரும் இருபது இலக்கமும். கிழமைக்கு ஒருமுறை ஓர் அழைப்பு. பாடம் கேட்கவேண்டியதில்லை. இருக்கிறாயா, சாப்பிட்டாயா, வீட்டில் யாருக்கும் நோயா, கருவி இருக்கிறதா என்று கேட்டாற் போதும். இரண்டு கிழமை பதில் வராத பிள்ளையைத் தேடி அவ்வூர்க் கிராம அலுவலரை விசாரிக்கவேண்டும். மனம் ஒடிந்து தனித்திருந்த பிள்ளைகள் பலர் எவரும் அறியாமலே வகுப்பிலிருந்து நழுவியது இவ்விதம் கேட்க ஆளில்லாத குறையினாலேயே.

இவற்றுக்கெல்லாம் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் கல்வி விடயங்களை மூதவையிடம் விட்டிருக்கிறது. ஆயினும் திறப்பதும் மூடுவதும் கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையைப் பார்த்தே நடந்தன. 2020 ஒக்ரோபரிலே மினுவாங்கொடைத் தொழிற்சாலையில் நோய் பரவத் தொடங்கிய பின்னர் மேல்மாகாணத்தின் நிலை வேறு, முல்லைத்தீவின் நிலை வேறு. எல்லாருக்கும் ஒரே பூட்டு, ஒரே திறவுகோல் என்றால் அது நிருவாக வசதியே. சுகாதாரமும் அன்று, கல்வியும் அன்று. மாகாணச் சுகாதாரப் பணிப்பாளரின் ஆலோசனையோடு அந்தந்தப் பல்கலைக்கழகமே தன் வாயிலைத் தீர்மானிக்கும் உரிமையை எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பெறவேண்டும். பல்கலைக்கழகப் பக்கங்களுக்குக் கட்டணமில்லை என்பதைத் தொலைத்தொடர்பு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதுவிக்கவேண்டும். இவ்விரண்டையும் கேட்பதற்குப் பெரும்பான்மை வேண்டியதில்லை, வாய் வேண்டும்.

எஞ்சியது எம் கையில் இருக்கிறது. எமது ஊர்களிலே சனசமூக நிலையம் இல்லாத ஊர் அரிது. காலையிற் பத்திரிகை, மாலையிற் கரம் விளையாட்டு. நண்பகலிலே கட்டடம் பூட்டியே கிடக்கிறது. அங்கே நான்கு மேசை, நான்கு மின்குதை, ஓர் இணைய இணைப்பு, கூரையிலே சூரியத் தகடு ஆகியன போதும். நான்கு மேசைகளை இடைவெளி விட்டுப் போட்டால் கொள்ளைநோய்க் காலத்திலும் முறைவைத்து ஒரு நாளில் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கலாம். பெண்பிள்ளைகளுக்குப் பொழுதுபடுமுன் முறை ஒதுக்கவேண்டும். திறவுகோல் நம்பத்தக்க ஒருவரிடம் இருக்கவேண்டும். நிலையத் தலைவர் கொழும்புக்குப் போகும்பொழுது திறவுகோலும் உடன் போவது எமக்குப் பழக்கமான கதை. பொறியியலாளர்களே, கணக்காளர்களே, வைத்தியர்களே, நீங்கள் மாற்றிவிடும் பழைய மடிக்கணனிகளை அலுமாரியிற் பூட்டாமல் நிலையத்துக்குக் கொடுங்கள். நூல் இரவல் கொடுப்பதுபோலப் பதிவேட்டில் எழுதி இரவல் கொடுக்கலாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள பழைய மாணவர்கள் கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கேட்டால் இல்லையென்னார்.

கமக்காரர் அமைப்புகளிடம் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் ஊரிலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பிள்ளைகள் போயிருக்கின்றனர், அவர்களுள் கணனி இல்லாதவர் எத்தனை பேர் என்ற பட்டியல் உங்கள் செயலாளரிடம் இருக்கவேண்டும். பசளைக்கும் விதைக்கும் பட்டியல் எழுதுகிறீர்கள். அதே கொப்பியின் பின்பக்கத்தில் இதையும் எழுதலாம். காலபோக விதைப்புக்கு முந்திய பொதுக்கூட்டத்திலே அதை வாசித்து, ஒரு பிரதியைச் சனசமூக நிலையத்துக்கும் மற்றொரு பிரதியைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். வெள்ளத் தாள்கள் சில இங்கே கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் கலையுமுன் ஒவ்வோர் ஊராரும் ஒன்றை எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.