ஊசி நூலில் குடும்ப வரலாறு



குடும்ப வரலாற்றை உடை தைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இயலுமா என்பதே இன்று என் பொருள். இயலும் என்பேன். ஆனால் வாடகைக்கு வாங்கும் வெல்வெட் அங்கியால் இயலாது.

பள்ளி ஆண்டுவிழாக்களில் நம் பிள்ளைகள் வெல்வெட்டும் ஜிகினாவும் மின்ன இராசராசனாக நிற்கின்றனர். அக்கோலம் சோழர் தந்ததன்று. பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் நம் மேடைக்கு வந்து, திரைப்படத்தில் நிலைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களில் பெரும்பாலும் நாம் காண்பது இடையில் உடுத்த துணியையும் அணிகலன்களையுமே.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குவோர்க்கு உடை வரலாற்றின் மூன்று ஏடுகள் அருகிலேயே உள்ளன. மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையின் கங்காதரர் சிற்பம் ஒன்று. காவிரிக்கு அப்பால் திருவரங்கக் கோயிலில் விசயரங்க சொக்கநாதரைக் காட்டும் தந்தச் சிற்பங்கள் மற்றொன்று. மூன்றாவது, மேற்கே உள்ள தறிகளின் ஊராகிய உறையூர். உறையூரை ஆண்ட கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், வேற்று நூலால் ஒட்டுத் தைத்த, வியர்வையில் நனைந்த கந்தலோடு பொருநன் வருகிறான். இழை கண்ணுக்குப் புலப்படாத மெல்லாடையை மன்னன் அளிக்கிறான். மன்னன் அளித்த ஆடையை மட்டும் தைப்பவர் பாட்டின் பாதியை மறைத்துவிடுகிறார்.

நம்முள் எத்தனை பேரின் பாட்டனார் முடி சூடியவர்? நெய்தவரும் உழுதவரும் மூட்டை சுமந்தவருமே மிகப் பலர். பாட்டி ரவிக்கை அணியவில்லை என்றால், அது வழக்கமா, வறுமையா, தடையா என்று கேட்டறிய வேண்டும். தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் பல்லாண்டு போராடிய பின்னரே 1859இல் அரசாணை பிறந்தது. அப்போதும் உயர்சாதியார் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு ரவிக்கையைத் தைத்துக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளை மறவாது.

1930 ஏப்ரல் 13 அன்று இராசாசி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் இத்திருச்சியிலிருந்தே வேதாரண்யத்துக்கு நடந்தனர். அவர்தம் உடை கதர். ஒரு கதர்ச் சட்டையைப் பிள்ளையின் கையாலேயே தைக்கச் செய்யுங்கள். அம்முரட்டுத் துணியை உடுத்திச் சித்திரை வெயிலில் நடந்தவர்களின் உறுதி பாடப்புத்தகத்தினும் தெளிவாக விளங்கும்.

செலவு பெரிதன்று. பழைய வேட்டியும் சேலையும் போதும். வீட்டு மூத்தோரை அருகில் அமர்த்திக்கொண்டு தையுங்கள். எத்தனை முழம், யார் நெய்தது, ஆண்டுக்கு எத்தனை துணி கிடைத்தது என்று கேளுங்கள். விடைகளைத் தாளில் எழுதி, அவ்வுடையின் முந்தியிலேயே முடிந்து வையுங்கள்.

கவிஞர்களே, நூல் என்ற ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறிப்பது நம் மொழி. ஏட்டில் ஏறாத நம் முன்னோரின் வாழ்வு இழையிலேனும் எஞ்சட்டும்.